இலைக்காகவும் வளர்க்கப்படும் ஒரு குளிர்காலப் பூ: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் இங்கிலாந்தின் குளிர்காலத் தோட்டங்களைப் பற்றி எழுதியபோது, குளிர்காலத்தில் பூக்கும் ஹெலிபோர் செடிகளில் ‘அன்னாஸ் ரெட்’ என்னும் வகையின் படம் ஒன்றை இரண்டு வரிக் குறிப்புடன் சேர்த்திருந்தோம். கட்டுரையைப் பற்றி வந்த கடிதங்களைவிட அந்த ஒரு படத்தைப் பற்றி வந்த கடிதங்களே அதிகம். ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அந்தச் செடிக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: கடையில் இதைக் ‘கிறிஸ்துமஸ் ரோஜா’க்களுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். இது ரோஜா இனந்தானா? மற்ற ஹெலிபோர்களிலிருந்து அன்னாஸ் ரெட்டை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? (வாசகி, ஸ்கார்பரோ, கனடா)

பதில்: ரோஜாவுக்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது. ஹெலிபோர்கள் ரனன்குலேசி என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் சமையலறையில் இருக்கும் கருஞ்சீரகமும், சித்த மருத்துவர்கள் சுத்தி செய்து கையாளும் வச்சநாபியும் அதே குடும்பம் என்று சொன்னால், இந்தச் செடியின் குணத்தில் பாதி உங்களுக்குப் புரிந்துவிடும். இயற்கையில் ஏறத்தாழ 20 ஹெலிபோர் இனங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை பால்கன் மலைப்பகுதிகளிலும் அவற்றைச் சுற்றியும் வளர்கின்றன. ஒன்று மட்டும் கூட்டத்தை விட்டுப் பிரிந்து சீனாவில் இருக்கிறது. கிறிஸ்துமஸ் ரோஜா என்று விற்கப்படுவது ஆல்ப்ஸ் மலைகளுக்குரிய ஹெலிபோரஸ் நைஜர். ‘நைஜர்’ என்றால் கறுப்பு. ஆனால் அதன் பூ தூய வெள்ளை, கறுப்பு அதன் வேரில்தான் இருக்கிறது. ஹெலிபோரஸ் ஓரியென்டாலிஸ் என்னும் இனத்தின் வழிவந்து, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூக்கும் கலப்பினங்களைத் ‘தவக்கால ரோஜா’ என்பார்கள். இரண்டு பெயர்களும் பூக்கும் காலத்தைச் சொல்கின்றனவே ஒழிய, செடியின் சொந்தபந்தத்தைச் சொல்லவில்லை.

அன்னாஸ் ரெட், இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ராட்னி டேவி என்னும் செடி வளர்ப்பாளர் பல ஆண்டுகள் கலப்புச் செய்து உருவாக்கிய பளிங்கு இலைக் குழுவின் புகழ்பெற்ற வகை. தோட்டக்கலை எழுத்தாளர் அன்னா பவோர்டின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. பதிவேட்டில் இதற்கு ‘ஏபிசிஆர்டி01’ என்று உரக்கடை மூட்டையில் அச்சடித்தாற்போன்ற ஒரு பெயர் இருக்கிறது. நல்லவேளையாக அதை யாரும் வாயால் சொல்வதில்லை.

அடையாளத்துக்கு வருகிறேன். இதை எழுதும்போது என் வீட்டுப் பின்வாசலருகே தொட்டியில் இந்தச் செடி நிற்கிறது. முழங்கால் உயரத்தைத் தாண்டாது. 30 முதல் 45 சென்டிமீட்டர் வரை இருக்கும். பூத்தண்டு பீட்ரூட் கீரையின் காம்பைப் போல உள்ளிருந்தே சிவந்திருக்கும். பூ ஒவ்வொன்றும் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் அகலத்தில், ஐந்து அகன்ற மடல்களோடு விரிந்து, நடுவே வெண்மஞ்சள் மகரந்தத் தாள்களை அடர்ந்த குஞ்சமாக ஏந்தியிருக்கும். பழைய ஹெலிபோர் வகைகளில் பூ தரையைப் பார்த்துத் தொங்கும். குனிந்து ஒரு விரலால் நிமிர்த்தினால்தான் அதன் முகம் தெரியும். அன்னாஸ் ரெட்டின் பூவோ வெளிப்புறம் திரும்பி, நடந்து போகிறவரை நேராகப் பார்க்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகும், கடையில் பத்துச் செடிகளுக்கு நடுவே இதைக் கண்டுபிடிக்க நான் பூவைத் தேட மாட்டேன், இலையைத்தான் தேடுவேன். கைவிரல்களைப் போலப் பிரிந்த, தோல் போன்று தடித்த இலை அது. இளம் இலை விரியும்போது கரும்பச்சைப் பரப்பின்மேல் நரம்புகள் யாவும் இளஞ்சிவப்பாக ஓடியிருக்கும். நம் ஊர்த் தொட்டிகளில் வளரும் குரோட்டன்ஸ் இலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பகட்டு இல்லாமல், மெல்லிய மையால் வரைந்ததைப் போல. வாரங்கள் செல்லச் செல்ல அந்தச் சிவப்பு வடிந்து, வெளிர்பச்சையும் வெள்ளியும் கலந்த பளிங்குக் கோலமாக மாறி நிற்கும். பூ வசந்தத்தோடு முடிந்துவிடும். இந்தக் கோலம் ஆண்டு முழுவதும் இருக்கும். இந்த வகையின் உண்மையான சிறப்பு அதுதான் என்பது என் கருத்து.

கேள்வி: ஹெலிபோரின் இதழ்கள் உண்மையில் இதழ்களே அல்ல என்று ஒரு குறிப்பில் படித்தேன். அப்படியானால் நாம் பார்ப்பது என்ன? (தாவரவியல் ஆசிரியர், திருச்சி)

பதில்: குறிப்பு சரியே. நாம் இதழ் என்று எண்ணி ரசிக்கும் ஐந்தும் புல்லி இதழ்கள். கத்தரிக்காயின் தலையில் பச்சைக் குல்லாய் போல ஒட்டிக்கொண்டிருப்பது எதுவோ, அதே உறுப்புத்தான் இங்கே பெரிதாகி, நிறம் ஏறி, பூவின் வேடம் போட்டிருக்கிறது. தங்கள் மாணவர்களுக்குக் காட்ட வேண்டுமானால் முசாண்டாவைக் காட்டலாம். அதில் பளிச்சென்று தெரியும் வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு ‘இலை’யும் பெரிதாகிப்போன புல்லி இதழ்தான்.

அப்படியானால் ஹெலிபோரின் உண்மையான அல்லி இதழ்கள் எங்கே போயின? மகரந்தத் தாள்களின் அடியில், புல்லி இதழ்களுக்கு உட்புறமாக, சின்னஞ்சிறு கூம்புகள் வட்டமாக நிற்பதை ஒரு கைவில்லையால் பார்த்தால் காணலாம். அல்லி இதழ்கள் சுருங்கி அந்தத் தேன்கிண்ணங்களாக மாறிவிட்டன. குளிர் விலகாத நாட்களில் முதலில் கண்விழித்து வரும் பம்பிள் தேனீ ராணிகள் தலையை உள்ளே விட்டு இந்தக் கிண்ணங்களைத்தான் துழாவுகின்றன.

இதை வெறும் பாடப்புத்தகச் செய்தியாகக் கொள்ள வேண்டாம். தோட்டக்காரருக்கு இந்தச் செடி தரும் பெரிய வசதியே இதிலிருந்துதான் வருகிறது. அல்லி இதழ் சில நாட்களில் உதிரக்கூடிய உறுப்பு. புல்லி இதழ் அப்படியன்று. கத்தரிக்காய் பறிக்கும்வரை அதன் குல்லாய் கழன்று விழுவதில்லை அல்லவா? ஹெலிபோரிலும் மகரந்தத் தாள்களும் தேன்கிண்ணங்களும் கொட்டிப்போன பிறகும் புல்லி இதழ்கள் வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில் நிற்கும். நைஜர் இனத்தில், சூல் கொண்டதும் வெள்ளைப் புல்லிகள் பச்சையாகி, விதை முதிர்வதற்கு வேண்டிய உணவு தயாரிப்பிலும் பங்கெடுப்பதாக ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அன்னாஸ் ரெட்டின் பூவிலும் கடைசி வாரங்களில் சிவப்பு மங்கி ஒருவிதப் பழைய பட்டுச்சேலை நிறம் வரும். சிலர் அதை வாடல் என்று எண்ணி வெட்டிவிடுகிறார்கள். எனக்கோ அந்த நிறமும் பிடிக்கும்.

கேள்வி: ‘ரெட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்களே, எனக்கு வந்த செடி சிவப்பாகவே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா? (வாசகர், லண்டன்)

பதில்: ஏமாற்று இல்லை, பெயர் வைத்தவர்களின் தாராள மனம். செம்பருத்தியின் சிவப்பு ஹெலிபோர்களில் கிடையாது, உண்மையான நீலமும் கிடையாது. வெள்ளை, சந்தனம், மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு, ஊதா, கருமையை எட்டும் கருநீலச் சாம்பல் என்பவற்றுக்குள்ளேயே அவை சுற்றிவருகின்றன. அன்னாஸ் ரெட்டின் நிறம் பீட்ரூட்டுக்கும் நாவற்பழத்துக்கும் இடைப்பட்டது. மாலை வெயில் பின்னாலிருந்து புல்லிகளை ஊடுருவும்போது மட்டும் அது சிவப்பாகத் தோன்றும்; விளம்பரப் படங்களை எந்த நேரத்தில் எடுக்கிறார்கள் என்பது இதிலிருந்து விளங்கும். செடியை மேற்கு வெளிச்சம் பின்புறமிருந்து படும்படி வைத்துப் பாருங்கள்.

கேள்வி: டிசம்பரில் ஹெலிபோரின் பழைய இலைகளையெல்லாம் அடியோடு வெட்டிவிட வேண்டும் என்கிறார்கள். இலையழகுக்காக வாங்கிய செடியில் இலையை வெட்டுவதா? மேலும் என் செடியின் இலைகளில் கறுப்புப் புள்ளிகள் தென்படுகின்றன. (வாசகி, பர்மிங்காம்)

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது. அந்த அறிவுரை தவக்கால ரோஜாக்களுக்காகச் சொல்லப்பட்டது. அவற்றின் முந்தைய ஆண்டு இலைகள் குளிர்காலத்தின் நடுவில் கிழிந்து, பழுத்து, தரையில் சாய்ந்து கிடக்கும். பூத்தண்டுகள் அவற்றின் அடியிலிருந்து தனியாக முளைத்து வரும். ஆகவே டிசம்பர், ஜனவரியில் இலைகளைத் தரையோடு ஒட்ட வெட்டிவிட்டால் பூவும் தெரியும், நோயும் குறையும். இந்த முறையைக் கேள்வி கேட்காமல் அன்னாஸ் ரெட்டுக்கும் கடைப்பிடிப்பவர்கள், காசு கொடுத்து வாங்கிய அழகின் பாதியைக் குப்பையில் போடுகிறார்கள்.

நான் செய்வதைச் சொல்கிறேன். மொட்டுகள் தரைமட்டத்தில் செம்மணிகள் போல எட்டிப்பார்க்கும்போது செடியின் முன்னால் மண்டியிட்டு, இலை இலையாகப் புரட்டிப் பார்ப்பேன். புள்ளி விழுந்தது, ஓரம் கருகியது, மொட்டுக்கு மேல் கிடந்து அதை அழுத்துவது ஆகிய மூன்றை மட்டும் அடிக்காம்போடு வெட்டுவேன். மற்றவை அங்கேயே இருக்கும். சிவந்த பூத்தண்டுகள் வெள்ளியோடிய இலைகளுக்கு நடுவிலிருந்து எழும் காட்சிக்காகவே இந்த வகையை உருவாக்கியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வசந்தத்தில் புதிய இலைகள் நன்றாக விரிந்த பிறகு, எஞ்சிய பழையவற்றையும் பூ முடிந்த தண்டுகளையும் நீக்கிவிடலாம். கையுறை கட்டாயம், ஹெலிபோரின் சாறு பட்டால் தோல் எரியும், சிலருக்குக் கொப்புளமும் வரும்.

புள்ளிகளைப் பற்றி: இரண்டு நோய்களைப் பிரித்தறிய வேண்டும். இலையின் இருபுறமும் தெரியும்படி வட்டவட்டமாகக் கரும்பழுப்புத் திட்டுகள் விழுந்து, ஒன்றோடொன்று சேர்ந்து இலை கருகினால் அது இலைப்புள்ளி நோய். ஒரு பூஞ்சையால் வருவது. ஈரமான குளிர்காலத்தில் எல்லார் தோட்டத்திலும் வரக்கூடியது. நோயுற்ற இலைகளை வெட்டி அகற்றி, உரக்குழியில் சேர்க்காமல் அப்புறப்படுத்தினால் போதும். இரண்டாவது நோய்தான் அஞ்ச வேண்டியது. வட்டப் புள்ளிகளாக இல்லாமல், நரம்பை ஒட்டியும் நரம்புகளுக்கு இடையிலும் கறுப்புக் கோடுகள் மைக்கசிவு போல ஓடி, இளம் இலைகளும் பூக்களும் முறுக்கிக் குட்டையாகிப்போனால், அது தோட்டக்காரர்கள் ‘கறுப்புச் சாவு’ என்று அழைக்கும் நோய். அதோடு தொடர்புபடுத்தப்படுவது ஒரு வைரஸ். செடிவிட்டுச் செடிக்கு அதைக் கொண்டுபோவது அசுவினி. அதற்கு மருந்து இல்லை. செடியை வேரோடு பிடுங்கி அழித்துவிட வேண்டியதுதான். பளிங்கு இலை வகைகளில் ஒரு சிக்கல், இயற்கையான நரம்புக் கோலத்தையே நோய் என்று எண்ணி அஞ்சுகிறவர்களும் உண்டு, நோயைக் கோலம் என்று எண்ணி விட்டுவிடுகிறவர்களும் உண்டு. கோலம் வெளிர்நிறத்தில் இருக்கும், நோய் கறுப்பில் இருக்கும். இதை நினைவில் வைத்தால் குழப்பம் வராது.

கேள்வி: உறைபனி விழுந்த காலையில் செடி முழுவதும் வெந்நீர் ஊற்றியதைப் போலத் தரையில் விழுந்து கிடந்தது. போய்விட்டது என்று நினைத்தேன். மதியம் பார்த்தால் நிமிர்ந்து நிற்கிறது. என்ன மாயம்? (வாசகர், ஆஸ்லோ)

பதில்: பிடுங்கி எறியாமல் மதியம்வரை பொறுத்தீர்களே, அதுவே நல்லது. கடுங்குளிர் இறங்கும்போது தண்டின் உயிரணுக்களிலிருந்து நீர் வெளியேறி, அணுக்களுக்கு இடையிலுள்ள வெளியில் உறைகிறது. உள்ளே பனிக்கட்டி உருவானால் அணு சிதைந்துவிடும். வெளியே உருவானால் அந்த ஆபத்து இல்லை. உள்ளே நீரழுத்தம் குறைவதால் தண்டு விறைப்பை இழந்து சாய்கிறது. வெயில் ஏறிப் பனி உருகியதும் நீர் மீண்டும் உள்ளே சென்று, தண்டு எழுந்துவிடும். சாய்ந்து கிடக்கும் நேரத்தில் மட்டும் செடியைத் தொடாதீர்கள், முட்டுக் கொடுக்கிறேன் என்று நிமிர்த்தாதீர்கள். உறைந்த தண்டு ஒடிந்துவிடும். அன்னாஸ் ரெட் நிலத்தில் வேரூன்றிவிட்டால் மைனஸ் 20 டிகிரி அளவுக் குளிரையும் தாங்கும். தொட்டியில் இருப்பவற்றின் வேர்களுக்கு அவ்வளவு பாதுகாப்புக் கிடையாது என்பதால், உங்கள் ஊர்க் குளிருக்குத் தொட்டியைச் சுவரோரம் நகர்த்தி வைப்பது நன்று.

கேள்வி: அன்னாஸ் ரெட்டிலிருந்து விதை எடுத்து முளைக்க வைக்க முடியுமா? ஒரு செடியின் விலை கையைக் கடிக்கிறது. (வாசகி, மெல்பர்ன்)

பதில்: பொதுவாக முடியாது. அன்னாஸ் ரெட்டைப் போல வெவ்வேறு இனங்களின் இரத்தம் கலந்த ஹெலிபோர்கள் விதை பிடிப்பது அரிது. அபூர்வமாக ஒன்றிரண்டு விதை கிடைத்து முளைத்தாலும், அதில் வரும் செடி அன்னாஸ் ரெட்டாக இருக்காது; ஒட்டு மாங்காயின் கொட்டையை நட்டால் என்ன வருமோ, அந்தக் கதைதான். தவக்கால ரோஜாக்களில் விதை தாராளமாக விழும். அந்த விதைகளில் எண்ணெய்ப் பசையுள்ள ஒரு சிறு வெண்முண்டு ஒட்டியிருக்கும். எறும்புகள் அதற்காகவே விதையை இழுத்துக்கொண்டு போய் ஊன்றிவிடும். கோடையில் விதை உதிர்ந்த கையோடு விதைத்து, முதலில் வெப்பத்தையும் பிறகு குளிரையும் அது அனுபவித்தால்தான் முளைக்கும். முளைத்த செடி பூக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும்.

அன்னாஸ் ரெட்டுகள் யாவும் ஒரே தாய்ச்செடியின் பிரதிகள். நம் விவசாயிகள் திசு வளர்ப்பு வாழைக்கன்று வாங்குவதைப் போல, ஆய்வகத்தில் திசு வளர்ப்பு முறையில் பெருக்கி விற்கப்படுகின்றன. ஹெலிபோரைத் திசு வளர்ப்பில் கொண்டுவருவது எளிதாக இருக்கவில்லை. விலைக்கு அது ஒரு காரணம், வளர்ப்பாளரின் உரிமைத் தொகை இன்னொரு காரணம். உரிமை பதிவான வகை என்பதால் அனுமதியில்லாமல் பெருக்கி விற்கக் கூடாது. உங்கள் தோட்டத்துக்காக மட்டும் என்றால், நான்கைந்து ஆண்டு வளர்ந்த குத்தை இலையுதிர் காலத்தில் தோண்டி, ஒவ்வொரு பகுதியிலும் மொட்டும் வேரும் இருக்கும்படி கத்தியால் பிரித்து நடலாம். பிரித்த செடிகள் ஓராண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும்; பொறுக்க வேண்டும். இன்னொரு பக்கம், விதை பிடிக்காத செடியின் பூ நீண்ட நாள் நிற்கிறது, சக்தியும் விதைக்குப் போகாமல் இலைக்குப் போகிறது. கொடுத்த விலைக்கு அது ஓரளவு ஈடு.

கேள்வி: இதே குழுவில் வேறு எவற்றை வாங்கலாம்? இந்தக் கலப்பு வேலையை யார் தொடங்கினார்கள்? (வாசகர், டப்ளின்)

பதில்: அதே பளிங்குக் குழுவில் ‘பென்னிஸ் பிங்க்’ இருக்கிறது, தோட்ட வடிவமைப்பாளர் பெனிலோப் ஹாப்ஹவுஸின் பெயர் அது. பூ வெளிறிய இளஞ்சிவப்பு. பூவில் அன்னாஸ் ரெட் மேல், இலையில் பென்னிஸ் பிங்க் ஒரு படி மேல் என்பது என் மதிப்பீடு; ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் மறுபடியும் அன்னாஸ் ரெட்டையே வாங்குவேன், ஏனென்றால் மூடிய வானத்தின் கீழ் வெளிறிய பூக்கள் எனக்குப் போதவில்லை. வெள்ளை வேண்டுவோருக்கு ‘மோலீஸ் வொயிட்’ இருக்கிறது.

தொடக்கத்தைச் சொல்ல வேண்டுமானால் இரண்டு பெண்மணிகளைச் சொல்ல வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில், இங்கிலாந்தின் மால்வெர்ன் குன்றுகளுக்கு அருகே ஹெலன் பல்லார்ட் என்பவர், கலங்கிய நிறங்களில் இருந்த ஓரியென்டாலிஸ் கலப்பினங்களைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து, தெளிந்த மஞ்சள், வெள்ளை, கருமை நிறங்களுக்கும் வட்ட வடிவத்துக்கும் கொண்டுவந்தார். கென்ட் பகுதியில் வாஷ்ஃபீல்ட் நாற்றங்கால் நடத்திய எலிசபெத் ஸ்ட்ராங்மன், 1971இல் மான்டினீக்ரோ மலையில் காட்டுச்செடிகளுக்கு நடுவே அடுக்குப்பூ பூத்த இரண்டு ஹெலிபோரஸ் டார்குவேட்டஸ் செடிகளைக் கண்டெடுத்தார். அவற்றுக்கு ‘டைடோ’, ‘ஈனியாஸ்’ என்று காவியக் காதலர்களின் பெயர் வைத்தார். பின்னாளின் அடுக்குப்பூ ஹெலிபோர்களில் பல அவ்விரண்டின் வழிவந்தவை.

அவர்கள் காலத்தில் மாறாமல் இருந்தது தொங்கும் முகம். நைஜர் இனத்துப் பூவுக்கு வெளிப்புறம் பார்க்கும் இயல்பு உண்டு, நிறமில்லை. ஓரியென்டாலிஸ் வழியினருக்கு நிறமுண்டு, நிமிர்வில்லை. மயோர்க்காத் தீவின் லிவிடஸ் இனத்துக்கு வெள்ளி நரம்போடிய இலை இருக்கிறது, ஆனால் குளிர் தாங்காது. ஒவ்வோர் இனமும் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொன்றை இழந்திருந்தது. இனம் தாண்டிய கலப்புகள் கைகூடிய பிறகே நிறம், நிமிர்வு, இலைக்கோலம், குளிர் தாங்கும் திறன் ஆகியவற்றை ஒரே செடியில் சேர்க்க வழி பிறந்தது. அன்னாஸ் ரெட் அந்த வழியில் வந்தது.

கேள்வி: கோவையில் மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன், உதகையிலும் எங்களுக்கு ஒரு வீடு உண்டு. இரண்டில் எங்கே வளரும்? (வாசகர், கோவை)

பதில்: கோவையில் வேண்டவே வேண்டாம். மாடியின் வெப்பத்தில் ஒரு மார்ச் மாதத்தைக்கூடத் தாண்டாது. உதகையில் ஜனவரியில் உறைபனி விழுகிறது என்பது உண்மைதான். ஆனால் இந்தச் செடி தேடுவது சில இரவுகளின் உறைபனியை மட்டுமன்று, பகலிலும் தொடர்ந்து வாரக்கணக்கில் நீளும் குளிரை. போதாக்குறைக்குத் தென்மேற்குப் பருவமழை மாதக்கணக்கில் மண்ணை நனைத்து வைக்கும்; நீர் தேங்கும் மண்ணில் ஹெலிபோரின் வேர் அழுகிவிடும். நீலகிரியின் அமில மண்ணைவிடச் சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணே இதற்கு உகந்தது. இலைக்கோலம்தான் வேண்டுமென்றால் கோவையில் கலேடியம் வையுங்கள். நிழலில் வைத்தால் அது உங்களைக் கைவிடாது.

கேள்வி: எங்கள் வீட்டிலுள்ள பழைய தமிழ்–ஆங்கில அகராதியில் கடுகுரோகிணி என்ற சொல்லுக்கு ‘பிளாக் ஹெலிபோர்’ என்று பொருள் போட்டிருக்கிறது. அப்படியானால் நீங்கள் படம் போட்ட செடி மருந்துச் செடியா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: இந்தக் கேள்விக்காகத் தங்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அகராதியில் அப்படி இருப்பது உண்மை. ஆனால் அந்தப் பொருள் தவறு, ஆபத்தான தவறும்கூட.

நம் மருத்துவத்தில் வழங்கும் கடுகுரோகிணி, இமயமலையின் உயரங்களில் வளரும் பிக்ரோரைசா என்னும் சிறு செடியின் வேர்த்தண்டு. ஈரல் நோய்களுக்குச் சித்த, ஆயுர்வேத மருத்துவர்கள் கொடுப்பது அதைத்தான். அது ஹெலிபோரின் குடும்பத்தைச் சேர்ந்ததே அன்று. பிறகு எப்படி இந்தக் குழப்பம் வந்தது? ஐரோப்பிய மருத்துவர்களும் அகராதிக்காரர்களும் நம் நாட்டு மருந்துக் கடைகளில் கண்டது முழுச்செடியை அன்று; இலையும் பூவும் இல்லாத, உலர்ந்து கறுத்த, வாயில் வைத்தால் கடுங்கசப்பான, பேதியாக்கும் ஒரு வேர்த்துண்டை. அவர்கள் ஊர் மருந்துக் கடையில் அதே தோற்றத்தில், அதே கசப்பில், அதே வேலைக்காக இருந்த வேர் கறுப்பு ஹெலிபோர். பெயரைப் பெயரோடு பொருத்தி எழுதிவிட்டார்கள். ஒருவர் எழுதியதை அடுத்தவர் எடுத்து எழுத, அது அச்சில் நிலைத்துவிட்டது.

ஹெலிபோரில் இருப்பவை இதயத்தைத் தாக்கும் நச்சுப்பொருள்கள். ஐரோப்பாவில் பழங்காலத்தில் அதைச் சித்தப்பிரமைக்கு மருந்தாகக் கொடுத்தது உண்மையே. பிழைத்தவர்கள் நோயிலிருந்தும் மருந்திலிருந்தும் சேர்த்தே பிழைத்தார்கள் என்று சொல்ல வேண்டும். கிரேக்கத்தில் கிர்ரா என்னும் நகரத்தை முற்றுகையிட்டவர்கள், ஊருக்குப் போன ஓடைநீரில் ஹெலிபோர் வேரைக் கலந்து, காவலர்களைக் கழிச்சலால் வீழ்த்தி நகரத்தைப் பிடித்ததாகப் பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அன்னாஸ் ரெட்டும் அந்த வம்சந்தான். இலை, வேர், தண்டு எதையும் யாரும் வாயில் வைக்கக் கூடாது. தங்கள் அகராதியில் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு எழுதி வைத்துவிடுங்கள்.

கேள்வி: பூக்களைப் பறித்துப் பூச்சாடியில் வைத்தேன், மாலைக்குள் தலை தொங்கிவிட்டது. என்ன செய்வது? (வாசகி, சூரிக்)

பதில்: புதிதாக விரிந்த பூவைப் பறித்திருப்பீர்கள். அதன் தண்டு இன்னும் முற்றியிருக்காது. மகரந்தத் தாள்கள் உதிர்ந்து, நடுவிலுள்ள சூலகம் சற்றுப் பருத்த பூவாகப் பார்த்துப் பறித்தால் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும். தண்டின் அடியில் கூரிய கத்தியால் ஒரு விரல் நீளத்துக்குக் கீறிவிட்டு, கழுத்தளவு நீரில் இரவு முழுவதும் இருட்டில் வைத்துப் பிறகு சாடிக்கு மாற்றுங்கள்.

இன்னும் எளிய வழி ஒன்று இருக்கிறது. ஆங்கிலேயர்கள் தாங்கள் கண்டுபிடித்ததாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தண்டே இல்லாமல் பூவை மட்டும் கிள்ளி, அகன்ற கிண்ணத்து நீரில் முகம் மேலே பார்க்கும்படி மிதக்கவிடுவது. நம் வீட்டு வாசலில் உருளியில் பூ மிதக்கவிடுவது அதேதான். வெண்கல உருளியின் மங்கிய மஞ்சளில் அன்னாஸ் ரெட்டின் பத்துப் பூக்கள் மிதந்தால் அவற்றின் சிவப்பு துலங்கித் தெரியும். ஓரத்தில் ஒரு பளிங்கு இலையையும் சேர்த்துவிடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றினால் போதும். பழைய நீரை நாயோ பூனையோ குடிக்காதபடி பார்த்துக் கொட்டிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள்.